வேரைக் கடித்த உடும்பு

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தின் கரையைக் காக்க ஒரு வேலைக்கூட்டமும் இருந்தது. காட்டுப்பன்றி மண் தோண்டிக் கொண்டுவரும். முயல் அந்த மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தும். நண்டு கரையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கும். இந்த மூன்றுக்கும் தலைவர் ஓர் உடும்பு. எல்லாரும் அதை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உடும்பு கெட்டிக்காரத் தலைவர். கரையில் எந்த இடத்தில் எத்தனை கல் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். ஆனால் அதனிடம் ஒரு சட்டம் இருந்தது. தன்னைக் கேட்காமல் யாரும் ஒரு பிடி மண்கூடப் போடக் கூடாது!

"அண்ணாச்சி, இந்த மண்ண எங்கன போடணும்?" என்று பன்றி கேட்கும்.

"அந்தப் புங்கமரத்துக்கு வலப்பக்கம், மூணு அடி தள்ளி!"

"அண்ணாச்சி, எத்தனை மிதி மிதிக்கணும்?" என்று முயல் கேட்கும்.

"நாப்பது! முப்பத்தொம்போதும் வேண்டாம், நாப்பத்தொண்ணும் வேண்டாம்!"

"அண்ணாச்சி, இது ஓட்டையா, ஓட்டை மாதிரி இருக்கா?" என்று நண்டு கேட்கும்.

"ஓட்டைதான்! வெளிப்பக்கமா மண்ண வச்சு அடை! அடைச்சிட்டு நேரா நட! எப்பப் பாரு பக்கவாட்டுலயே போய்க்கிட்டு!"

இப்படிக் காலையிலிருந்து மாலைவரை உடும்பு கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. நாக்குத் தள்ளும். வயிறு ஒட்டிப்போகும். ஒரு நாள் முயல், "அண்ணாச்சி, மூக்குல தூசி ஏறிட்டு. தும்மட்டுமா?" என்றே கேட்டுவிட்டது. உடும்புக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. "சரி, தும்மு" என்று அனுமதி கொடுத்துவிட்டு ஓடியது!

உள்ளூர அதற்குப் பெருமைதான். 'நாம இல்லேன்னா இந்தக் கரை ஒரு நாள் நிக்குமா!' என்று அடிக்கடி நினைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை. உடும்பு இருந்தபோதே நிற்கவில்லை.

உடும்புக்கு வெயில் வேண்டும். வெயிலில் காய்ந்தால்தான் அதற்குக் கைகால் ஓடும். போன வருடம் ஆனி மாதத்தில் மேகம் மலையை விட்டு இறங்கி மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடும்பு தன் புற்றுக்குள் கட்டையாக விறைத்துப்போய்க் கிடந்தது. ஒரு கண்ணை மட்டும்தான் திறக்க முடிந்தது.

வெளியே குளம் ஏறிக்கொண்டே வந்தது. கரையில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. வேலைக்கூட்டம் என்ன செய்தது? மூன்றும் ஓடிவந்து புற்று வாசலில் வரிசையாக நின்றுகொண்டன!

"அண்ணாச்சி, கசியுது! என்ன செய்யட்டும்?"

உடும்பு கண்ணைச் சிமிட்டியது.

"ஒரு சிமிட்டுன்னா என்ன அர்த்தம்? தோண்டவா, அடைக்கவா?" என்று பன்றி நண்டைக் கேட்டது.

"அண்ணாச்சியத்தான் கேக்கணும்" என்றது நண்டு.

அவை கேட்டுக்கொண்டு நின்றபோதே கரை உடைந்தது. கரைக்குக் கீழே ஒரு புல்வெளி. அங்கே தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. வெள்ளம் நான்கையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. குளத்துத் தண்ணீரும் போயிற்று. அடுத்த கோடையில் அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் ஒரு வாய் தண்ணீருக்கு ஆறுவரை நடந்தன.

உடும்பு என்ன செய்தது என்கிறீர்களா? வெயில் வந்ததும் எழுந்து வந்து மூன்றையும் நன்றாகத் திட்டியது. சட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. பிடித்தால் விடாத பிராணி அல்லவா!

இந்த வருடம் வைகாசி பிறந்தது. உடைந்த கரையை மண் போட்டு மூடியிருந்ததால், கோடை மழையில் குளம் பாதி நிறைந்திருந்தது. வேலைக்கூட்டம் மறுபடியும் கரைக்கு வந்தது. முதல் நாளே ஆள்காட்டிக் குருவியும் வந்து கரைமேல் நின்றது. மஞ்சள் காலும் சிவப்பு மூக்குமாக அது நின்ற நிற்பே சரியில்லை.

"அண்ணாச்சி, நான் இந்த வருசமும் அந்தப் புல்வெளியிலதான் முட்டை இடப் போறேன். எனக்கு வேற இடம் இல்ல. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஆனி மழை வந்தா நீங்க என்ன ஆவீய?"

உடும்பு தொண்டையைச் செருமியது. "விறைச்சுப்போவேன். அது என் உடம்பு வாகு."

"அப்ப கரையப் பத்தி யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது! இதுகளுக்கு மூளையே இல்ல! தும்முறதுக்குக்கூட என்னக் கேக்குதுக!"

"மூளை இல்லையா? இல்ல, அதுக்கு நீங்க வேலையே குடுக்கலையா?"

உடும்புக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாலை ஒரு வீசு வீசியது. ஆனால் ஆள்காட்டி நகரவில்லை. நான்கு முட்டையைப் பறிகொடுத்த தாய்க்கு வால் ஒரு பயமா?

கொஞ்ச நேரம் கழித்து உடும்பே மெதுவாகக் கேட்டது. "சரி, நான் என்னதான் செய்யணும்? நீயே சொல்லேன்!"

"நான் சொன்னா அது என் யோசனையால்லா இருக்கும்! விறைக்கப் போறது உங்க உடம்பு. உடையப் போறது உங்க கரை. உங்களுக்கு என்ன தோணுது?"

இதுவரை உடும்பை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் அதனிடம் விடைதான் கேட்டிருக்கிறார்கள். உடும்பு ஒரு பாறைமேல் ஏறி, வெயிலில் வயிற்றை வைத்துப் படுத்து யோசித்தது. சூரியன் உச்சிக்கு வந்தது. சாய்ந்தது. பிறகு அது சொன்னது:

"நீ இப்ப என்னைக் கேட்ட மாதிரியே நான் அதுகளக் கேக்கணும் போலிருக்கு."

"நல்ல யோசனை!" என்று ஆள்காட்டி பறந்துபோயிற்று.

யோசனை நல்லதுதான். பழக்கம் அல்லவா பொல்லாதது!

மறுநாள் பன்றி வழக்கம்போல வந்து, "அண்ணாச்சி, இந்த மண்ண எங்கன போடணும்?" என்றது.

உடும்பு பெரிய மனது பண்ணிச் சிரித்தது. "புங்கமரத்துக்கு வலப்பக்கம் மூணு அடி தள்ளிப் போட்டா நல்லா இருக்கும்னு உனக்குத் தோணலையா?"

"தோணுது அண்ணாச்சி!" என்று பன்றி ஓடியது.

'பார்த்தாயா, கேள்வி கேட்டேன்!' என்பதுபோல உடும்பு பாறைப் பக்கம் பார்த்தது. பாறைமேல் நின்ற ஆள்காட்டி சிறகுக்குள் மூஞ்சியை மறைத்துக்கொண்டு சிரித்தது.

அடுத்து நண்டிடம் போயிற்று. "நண்டு, இந்தக் கசிவ என்ன செய்யலாம்னு நீ நினைக்க?" இது நல்ல கேள்விதான். ஆனால் நண்டு வாயைத் திறப்பதற்குள், "வெளிப்பக்கமா மண்ண வச்சு அடை!" என்று விடையும் அதன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

சாயங்காலம் பன்றி சேற்றில் வயிறுவரை புதைந்துவிட்டது. உடும்பு பக்கத்தில் போய் நிதானமாக உட்கார்ந்து, "இப்ப நீ மாட்டிக்கிட்டு நிக்கியே, இதப் பத்தி என்ன நினைக்க?" என்று கேட்டது.

"முதல்ல இழுங்க அண்ணாச்சி! கழுத்துக்கு வருது!" என்று பன்றி கத்தியது.

உடும்பு பன்றியின் வாலைக் கவ்வி இழுத்துப் போட்டது. எப்போது கேட்பது, எப்போது இழுப்பது என்று அன்றைக்கு அதற்குக் கொஞ்சம் புரிந்தது. மூழ்குகிறவனிடம் யோசனை கேட்கக் கூடாது!

ஆனால் விடை வாயில் முந்திக்கொண்டு வருவதை எப்படி நிறுத்துவது? அன்று இரவு முழுக்க யோசித்து உடும்பு ஒரு வழி கண்டுபிடித்தது. கரையோரத்தில் ஒரு நாவல்மரத்து வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேள்வியைக் கேட்டதும் அந்த வேரைப் பல்லால் கடித்துக்கொண்டது. கடித்த வாயால் எப்படிப் பேச முடியும்?

"நண்டு, இந்தக் கசிவ என்ன செய்யலாம்னு நினைக்க?"

கேட்டுவிட்டுக் கடித்துக்கொண்டது.

நண்டு உடும்பைப் பார்த்தது. உடும்பு நண்டைப் பார்த்தது. ஒரு கொக்கு வந்து இரண்டு மீன் பிடித்துத் தின்றுவிட்டுப் போயிற்று. உடும்புக்கு விடை தொண்டைவரை வந்து முட்டியது. வேரை இன்னும் இறுகக் கடித்தது.

கடைசியில் நண்டு தயங்கித் தயங்கிச் சொன்னது. "அண்ணாச்சி, கோவிக்கக் கூடாது. தண்ணி இங்கன வெளிய வருதே தவிர, இங்கன இருந்து கிளம்பல. இது எங்க சித்தப்பா தோண்டுன வளை. நாங்க என்னைக்கு நேராத் தோண்டியிருக்கோம்? பக்கவாட்டுலதான போவோம்! உள்பக்கம், அந்த மூணாவது கல்லுக்குக் கீழதான் வாய் இருக்கும். அங்கன அடைச்சாத்தான் நிக்கும்."

உடும்பின் வாயிலிருந்து வேர் நழுவியது. ஆறு வருடமாக அந்தக் கசிவை அது வெளிப்பக்கமாகவே அடைத்துக்கொண்டிருந்தது! ஆறு வருடமும் அது மறுபடி மறுபடி கசிந்துகொண்டிருந்தது!

"இத ஏன்டே இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க கேக்கல அண்ணாச்சி. நேரா நடன்னுதான் சொன்னீய."

உடும்புக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. நண்டு காட்டிய இடத்தில் அடைத்தார்கள். கசிவு நின்றது. அன்றைக்கு நண்டு பக்கவாட்டிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

பன்றியின் கதை வேறு. வேலை நடுவே சேற்றில் புரளுவது அதற்கு வழக்கம். உடும்புக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வேலை நேரத்துல புரளாத!" என்று தினமும் திட்டும். இப்போது முதல் முறையாகத் திட்டாமல், "டே பன்றி, நிசமாத்தான் கேக்கேன். நீ ஏன் இப்படிப் புரளுத?" என்றது.

"உடம்பு எரியுது அண்ணாச்சி, அதான்" என்றது பன்றி. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல, "ஆனா ஒண்ணு பாத்திருக்கியளா? நான் புரண்ட பள்ளத்துல மழைத் தண்ணி நின்னா ஒரு மாசம் ஆனாலும் உள்ள இறங்காது. களிமண்ண அரைச்ச மாதிரி ஆக்கிப்புடுதேன். நாம ஏன் அதக் கரையிலயே செய்யக் கூடாது?" என்று கேட்டது.

இது சரிவராது என்று உடும்புக்கு உடனே தோன்றியது. நாவல் வேரைத் தேடி ஓடிப்போய்க் கடித்துக்கொண்டது. பன்றி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. கரைமேல் ஏறி ஆனந்தமாகப் புரண்டது.

தொப்பென்று நாலு அடிக் கரை சரிந்து குளத்தில் விழுந்தது!

முயல் காதைப் பொத்திக்கொண்டது. பன்றி நடுங்கியது. உடும்பின் வால் தானாக உயர்ந்தது. ஆனால் வானத்தில் மேகம் இல்லை. குளத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது. தப்பு செய்ய இதைவிட நல்ல காலம் எது? உடும்பு வாலைக் கீழே இறக்கியது.

"ஏன் சரிஞ்சிட்டுன்னு நீ நினைக்க?"

பன்றி சரிந்த மண்ணை மோந்து பார்த்தது. நாக்கில் வைத்தும் பார்த்தது. "ஈரம் கூடிப்போச்சு அண்ணாச்சி. பாதிக்குப் பாதி காஞ்ச மண்ணு கலந்திருக்கணும். மேல நின்னு புரளாம, உள்சரிவுல புரளணும்."

"எத்தனை நாள்ல சரி பண்ணுவ?"

"மூணு நாளு."

"எங்கிட்ட ஏதாவது வேணுமா?"

"திட்டாம இருந்தாப் போதும் அண்ணாச்சி!"

பன்றி இரண்டே நாளில் முடித்தது. அந்த இடத்தில் முயல் ஏறிக் குதித்துப் பார்த்தது. பாறையில் குதித்ததுபோல இருந்தது.

முயல் மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை. எதைக் கேட்டாலும், "நீங்க எது சொன்னாலும் சரி அண்ணாச்சி" என்றது. உடும்பும் விடவில்லை. "நீ என்ன நினைக்க?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டது. ஒவ்வொரு நாளும் வேரைக் கடித்தது. நாவல் வேர் பாதியாகத் தேய்ந்துபோனது. முயல் காதை ஆட்டிக்கொண்டு பேசாமல் நின்றது. அவ்வளவுதான்.

ஆனி பிறந்தது. ஆள்காட்டி புல்வெளியில் நான்கு முட்டை இட்டது. ஐந்தாம் நாள் மலை மறைந்தது. மழை பிடித்துக்கொண்டது.

உடும்பு புற்றுக்குள் கிடந்தது. முதல் நாளிலேயே கால் விறைத்தது. இரண்டாம் நாள் வால் விறைத்தது. ஒரு கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

யாரும் வரவில்லை.

'போன வருசம் வரிசையா வந்து நின்னுதுகளே! இந்த வருசம் ஒண்ணக்கூடக் காணோமே! ஓடிப்போயிட்டுதுகளா? கரை போயிட்டுதா? ஐயோ, அந்த நாலு முட்டை!' உடும்புக்கு அழுகை வந்தது. அழவும் உடம்பில் சூடு இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் சின்னதாக ஒரு காலடிச் சத்தம் கேட்டது. உடும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. காலடி நின்றது. பிறகு திரும்பி ஓடியது. அவ்வளவுதான்! அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

நான்காம் நாள் காலையில் வெயில் எட்டிப்பார்த்தது. உடும்பு ஓர் அடி ஊர்ந்தது. ஒரு நாழிகை காய்ந்தது. இன்னொரு அடி ஊர்ந்தது. தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்து சேர்ந்தது.

கரை நின்றுகொண்டிருந்தது!

குளம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. பன்றியும் நண்டும் முயலும் தலையிலிருந்து கால்வரை சேறாக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நான் மட்டும் புரளலேன்னா கரை போயிருக்கும்!"

"நான் உள்ள இறங்கிப் புது ஓட்டையோட வாயைக் கண்டுபிடிக்கலேன்னா நீ எங்கன புரண்டிருப்ப?"

"உள்ள தண்ணி குளுகுளுன்னு ஓடுற சத்தம் முதல்ல யாரு காதுல விழுந்துச்சாம்? எங்காதுல!" என்றது முயல். ஆமாம், முயல்தான்!

உடும்பு கரையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தது. மறுமுனையில் அதன் கால் நின்றுவிட்டது. குளம் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு அங்கே ஒரு மறுகால் உண்டு. பல வருடமாக மண் மூடிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உடும்புக்கே நினைவில்லை. இப்போது அது திறந்து, தண்ணீர் சலசலவென்று காட்டாற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"இத யாரு திறந்தது? நான் சொல்லவே இல்லையே!"

"நீங்க சொல்லலேன்னா தண்ணிக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்றது முயல். "ஓட்டைய அடைச்சப்புறமும் குளம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. அடைச்சா மட்டும் போதாது, போறதுக்கு வழியும் விடணும்னு தோணிச்சு. மூணு பேரும் தோண்டுனோம்."

"ஏன்டே, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" உடும்பின் குரல் கொஞ்சம் கம்மியது. அதற்கும் மனசு இருக்கிறதே!

"கேக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி. முந்தாநாள் மத்தியானம். புத்துக்கு ஓடிவரும்போதே, 'போனா அண்ணாச்சி, நீ என்ன நினைக்கன்னுதான கேப்பாரு, என்ன சொல்லலாம்'னு வழியெல்லாம் யோசிச்சேன். வாசலுக்கு வந்து சேரவும், மறுகால் நினைப்பு வரவும் சரியா இருந்துச்சு. உள்ள வந்து உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு திரும்பிட்டேன்!"

உடும்பு கடித்துக்கொள்ள வேர் தேடியது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. அது சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் பறந்துபோயின!

கீழே புல்வெளியில் நான்கு முட்டைகளும் கதகதப்பாக இருந்தன. இருபது நாள் கழித்து நான்கு குஞ்சுகள் வெளிவந்து குச்சிக் காலால் ஓடின. ஆள்காட்டி அவற்றைக் கரைக்குக் கூட்டிவந்து உடும்பிடம் காட்டியது. "அண்ணாச்சி, குஞ்சுகளுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

உடும்பு வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

"நீ என்ன நினைக்க?" என்று கேட்டது.

எல்லாவற்றுக்கும் தானே விடை சொல்லும் தலைவரின் கூட்டம் அவர் எழுந்து நிற்கும்வரைதான் வேலை செய்யும்; கேள்வி கேட்டு, பொறுத்திருந்து, யோசிக்கப் பழக்கிய தலைவரின் கூட்டம் அவர் படுத்துக் கிடக்கும் நாளிலும் கரையைக் காக்கும்.